பெரிய பாம்புக்குக் கூண்டும் ஹீட்டரும்: பாறசாலை, நெய்யாற்றின்கரையில் கணக்கு ஏன் தலைகீழாகிறது?

பால் பைதான், போவா மாதிரி பாம்புகளை வீட்டில் வளர்ப்பது எப்படி என்று தேடிப் பாருங்கள். முதல் பத்து வழிகாட்டிகளும் ஹீட்டரில்தான் தொடங்கும். எத்தனை வாட், எந்த பல்பு, இரவில் எப்படி, குளிர்காலத்தில் எப்படி என்று நீளும். அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. வீட்டுக்கு வெளியே பனி கொட்டும் ஊருக்கான அறிவுரை அது.

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ஜனவரி இரவில்கூட வெப்பநிலை சுமார் 22, 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மார்ச், ஏப்ரலில் பகல் வெப்பம் 33, 34 டிகிரியைத் தொடும். கான்கிரீட் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை இன்னும் சூடு. இந்த ஊரில் ஒரு வளர்ப்புப் பாம்பு குளிரில் சாவதைவிடச் சூட்டில் சாவதற்கே வாய்ப்பு அதிகம். அதனால் ஹீட்டர் வாங்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. அதற்கும் முன்னால் ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது.

சுருக்கமாக

- இந்திய மலைப்பாம்பை வளர்க்கவே முடியாது. வெளிநாட்டு இனங்களைப் பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது.
- கூண்டில் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். நம்ம ஊரில் கஷ்டமானது அந்தக் குளிர்ச்சியான முனைதான்.
- தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டர் எதுவும் வேண்டாம்.
- தப்பித்துப் போகும் பாம்பு இங்கே குளிரில் சாகாது. அதனால் பூட்டும் ஹீட்டர் அளவுக்கு முக்கியம்.

முதலில், வளர்க்கலாமா?

ரப்பர் தோட்டத்திலோ கோழிக்கூட்டிலோ பிடிபடும் மலைப்பாம்பு, அதாவது மலையாளத்தில் பெரும்பாம்பு, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. 2022-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். "சின்னக் குட்டியா இருந்துச்சு, பாவம்னு எடுத்து வளர்த்தேன்" என்பது நீதிமன்றத்தில் பதில் ஆகாது.

வெளிநாட்டு இனங்கள் வேறு கதை. பால் பைதான், போவா, பர்மிய மலைப்பாம்பு, ரெட்டிகுலேட்டட் பைதான், பச்சை அனகோண்டா எல்லாமே சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பின்னிணைப்புகளில் உள்ளவை. 2022 திருத்தம் அந்தப் பட்டியலை நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையாகச் சேர்த்தது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது.

அதன் தொடர்ச்சியாக 2024 பிப்ரவரி 28-இல் உயிருள்ள விலங்குகளை அறிவித்துப் பதிவு செய்வதற்கான விதிகள் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் கிடைத்தது. அது 2024 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கைக்கு வரும் விலங்கை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பரிவேஷ் 2.0 இணையதளம் வழியாக, உங்கள் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பம் போகும். குட்டி போட்டாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் "பேப்பர் இருக்கு ப்ரோ" என்று விற்பவரிடம் கேட்க வேண்டியது, அந்தப் பாம்பு அவர் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்பதுதான். வெறும் ரசீது பதிவு ஆகாது. சந்தைக்கு வருவது எப்படி வருகிறது என்பதற்கு ஒரு உதாரணம்: 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த, யாரும் உரிமை கோராத பெட்டிகளில் 45 பால் பைதான்களும் 8 கார்ன் ஸ்நேக்குகளும் இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் பிடிபட்டன. அப்படி ஒரு பெட்டிக்குள் வந்த பாம்பை நீங்கள் வாங்கினால், அதன் நோயும் வழக்கும் சேர்ந்தே வீட்டுக்கு வரும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு என்ன கூடுதல் சிக்கல்?

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இன்றும் பாறசாலையில் ஒரு வீடு, களியக்காவிளையில் ஒரு கடை என்று வாழ்கிறவர்கள் நிறைய. பேச்சில் எல்லை கிடையாது. ஆனால் பதிவில் உண்டு. பாறசாலையில் வைத்திருக்கும் பாம்புக்குப் பொறுப்பு கேரளத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர். அதை மார்த்தாண்டத்தில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டால், தமிழகத்தின் காப்பாளர். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாம்பையும் பெட்டியில் தூக்கிக்கொண்டு பார்டர் தாண்டுவதற்கு முன், என்ன செய்ய வேண்டும் என்று வனத்துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காட்டுப் பாம்பு வீட்டுக்குள் வந்தால் அதைப் பிடித்துச் சாக்கில் போட்டு வைக்க வேண்டாம். கேரளப் பக்கம் வனத்துறையின் சர்ப்பா செயலியில் பக்கத்தில் உள்ள அங்கீகாரம் பெற்ற மீட்பாளர் எண் கிடைக்கும். தமிழகப் பக்கம் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. மலைப்பாம்புக் குட்டியின் உடல் திட்டுகளும் கண்ணாடி விரியனின் திட்டுகளும் முதல் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மலைப்பாம்பு என்று நினைத்து விரியனைக் கையால் எடுத்தவர்கள் ஆஸ்பத்திரி வாசல் வரை போயிருக்கிறார்கள்.

சட்டப்படி பதிவான ஒரு பாம்பு உங்களிடம் இருக்கிறது, அல்லது வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி கூண்டுக்கு வரலாம்.

பாம்புக்கு எதற்குச் சூடு?

நமக்கு உடல் சூடு சாப்பாட்டிலிருந்து கிடைக்கிறது. பாம்புக்கு அது வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். செரிமானம், நோய் எதிர்ப்பு, தோல் உரிப்பது எல்லாம் அந்தச் சூட்டை நம்பியே நடக்கின்றன. இரை விழுங்கிய பாம்பு போதிய சூடு கிடைக்காவிட்டால் செரிக்காமல் கக்கிவிடும்.

காட்டில் பாம்பு என்ன செய்கிறது? வெயிலுக்கு வரும், போதும் என்றதும் நிழலுக்குப் போகும். நாள் முழுக்க இப்படி இடம் மாறியே தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்கிறது. கூண்டில் நாம் செய்ய வேண்டியது அந்த இரண்டு இடங்களையும் தருவது. பெட்டியின் ஒரு முனையில் மட்டும் ஹீட்டர், அதுவும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். மறுமுனையில் எதுவும் கிடையாது. நடுவில் படிப்படியாகக் குறையும்.

இரண்டு முனையிலும் பாம்பு ஒளிந்துகொள்ள மூடிய இடம் வேண்டும். ஒளியும் இடம் சூடான பக்கம் மட்டும் இருந்தால், பாம்பு வெந்துபோனாலும் அங்கேயே கிடக்கும். அதற்குப் பாதுகாப்பு முக்கியம், வெப்பம் அப்புறம்தான்.

இந்த விஷயத்தில் மலைப்பாம்பு கொஞ்சம் விதிவிலக்கு. 2022-இல் காசர்கோட்டில் தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலப்படுத்தும் வேலையின்போது, அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு மலைப்பாம்பு தென்பட்டது. ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அந்த இடத்தில் மட்டும் வேலையை 54 நாள் நிறுத்தி வைத்தது. 24 முட்டைகள். ஏன் தாயை அங்கேயே விட வேண்டும்? முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தசைகளை விடாமல் துடிக்க வைத்து, சூழலைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடு உண்டாக்கும் திறன் தாய் மலைப்பாம்புக்கு உண்டு. இயற்கையே வைத்த ஹீட்டர் அது. மற்ற நேரங்களில் மலைப்பாம்பும் வெளிச்சூட்டை நம்பியே வாழ்கிறது.

எந்தப் பாம்புக்கு எவ்வளவு?

வளர்ந்த பாம்பின் வழக்கமான நீளமும், கூண்டில் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வெப்பநிலையும் (டிகிரி செல்சியஸ்) இவை:

- பால் பைதான்: 1 முதல் 1.5 மீட்டர். சூடான முனை 31–33, குளிர்ந்த முனை 25–27.
- போவா: 2 முதல் 3 மீட்டர். சூடான முனை 31–34, குளிர்ந்த முனை 25–27.
- பர்மிய மலைப்பாம்பு: 3 முதல் 5 மீட்டர். சூடான முனை 31–33, குளிர்ந்த முனை 25–27.
- ரெட்டிகுலேட்டட் பைதான்: 4 மீட்டருக்கு மேல், சில 6 மீட்டரையும் தாண்டும். வெப்பநிலை கிட்டத்தட்ட பர்மிய மலைப்பாம்பு போலவே.

இப்போது இந்த எண்களை நெய்யாற்றின்கரை வெப்பநிலையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜனவரி இரவு: வெளியே 22–23, வீட்டுக்குள் அதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூட. குளிர்ந்த முனைக்குத் தேவையானதைவிட லேசாகக் குறைவு. சூடான முனைக்கு 7, 8 டிகிரி ஏற்றினால் போதும். சின்ன ஹீட்டரே சமாளிக்கும்.

ஜூலை மழை நாள்: வீட்டுக்குள் 26–28. குளிர்ந்த முனை தானாகவே சரியாக இருக்கும். சூடான முனைக்கு 4, 5 டிகிரி.

ஏப்ரல் மதியம்: வீட்டுக்குள்ளேயே 32–33. சூடான முனை இருக்க வேண்டிய வெப்பம் அறை முழுக்க இருக்கிறது. குளிர்ந்த முனை என்று ஒன்று எங்கேயும் இல்லை. இந்த நேரத்தில் ஹீட்டரும் ஓடினால், பாம்பு போக இடமே கிடையாது.

வெளிநாட்டு வழிகாட்டியில் இந்த மூன்றாவது நிலை ஒரு அடிக்குறிப்பு மாதிரி வந்து போகும். நமக்கு அது வருஷத்தில் இரண்டு, மூன்று மாதம்.

பெட்டி: எவ்வளவு பெரிசு, எதில் செய்வது?

பாம்பு உடலை முழுதாக நீட்டிப் படுக்க முடிய வேண்டும் என்பதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நீளம் குறைந்தது பாம்பின் நீளம். அகலம் அதில் பாதி.

1.2 மீட்டர் பால் பைதானுக்கு 120க்கு 60 சென்டிமீட்டர் தரை, 60 உயரம். 2.4 மீட்டர் போவாவுக்கு 240க்கு 120. இது ஏறக்குறைய ஒரு முழு 8க்கு 4 அடி ப்ளைவுட் ஷீட். அதாவது ஷீட்டை வெட்டாமல் அப்படியே தரையாகப் போட வேண்டியிருக்கும். உங்கள் கட்டிலைவிடப் பெரிசு. 4 மீட்டர் பர்மிய மலைப்பாம்புக்குப் பெட்டி என்ற பேச்சே கிடையாது, ஒரு அறையையே ஒதுக்க வேண்டும். குட்டியாக வாங்கும்போது அது ஷூ பெட்டிக்குள் அடங்கும் என்பதால் இந்தக் கணக்கு யாருக்கும் நினைவு வருவதில்லை. பர்மிய மலைப்பாம்பு மூன்று வருஷத்துக்குள்ளேயே 3 மீட்டரை எட்டிவிடக் கூடியது.

என்ன பொருளில் செய்வது?

கண்ணாடித் தொட்டி: மீன் தொட்டிக் கடையில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் மேலே மட்டும் திறப்பு இருப்பதால் காற்றோட்டம் மோசம். ஏப்ரலில் சூடு உள்ளேயே தேங்கும்.

சாதாரண ப்ளைவுட்: எடவப்பாதி மழையில் ஊறி உப்பும், பூஞ்சை பிடிக்கும். மரைன் ப்ளைவுட் பரவாயில்லை. பெயின்ட், வார்னிஷ் அடித்தால் வாசனை முழுசாகப் போகும் வரை பாம்பை உள்ளே விடக்கூடாது.

மல்டிவுட்: அடுக்களை அலமாரிக்குப் போடும் அதே பிவிசி போர்டு. ஈரம் ஏறாது, கரையான் பிடிக்காது, துடைத்துக் கழுவலாம். நம்ம ஊர் ஈரத்துக்கு இதுதான் பொருத்தம். ஆனால் சூட்டில் இளகும் என்பதால் ஹீட்டரை போர்டில் நேரடியாக ஒட்டவிடக் கூடாது. அலுமினியம் ஃபேப்ரிகேஷன் கடையில் சட்டம் போட்டு, முன்னால் டஃபண்ட் கண்ணாடியில் ஸ்லைடிங் கதவு வைக்கச் சொல்லுங்கள். மேலிருந்து கை நீட்டினால் பாம்பு அதைப் பருந்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் கதவு முன்பக்கம் இருப்பது நல்லது.

காற்று வர ஒரு பக்கம் கீழேயும், காற்று போக எதிர்ப்பக்கம் மேலேயும் துளைகள் வேண்டும். துளையின் அளவு பாம்பின் தலையில் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும்.

ஹீட்டர்: எது சரி, எது ஆபத்து?

பெரிய பாம்புக்குச் சரியானவை இரண்டு. ஒன்று, கூண்டின் கூரையில் பொருத்தும் ரேடியன்ட் ஹீட் பேனல். வெளிச்சம் வராது, பரவலாகச் சூடு தரும். இரண்டு, செராமிக் ஹீட் எமிட்டர். இதன் மேல்பகுதி கையை வைத்தால் கொப்பளிக்கும் அளவுக்குச் சுடும். அதனால் சுற்றிலும் கம்பிக்கூடு கட்டாயம். பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்.

அடியில் போடும் ஹீட் மேட் சின்னப் பாம்புக்கு ஓரளவு ஓகே. ஐந்து, பத்து கிலோ உடல் அதன் மேல் படுத்தால், சூடு வெளியேற வழியில்லாமல் மேட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தேங்கும். வயிற்றுத் தோல் வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு உடனே நகர்ந்துவிடும் என்று நம்ப முடியாது. கால்நடை மருத்துவர்கள் பார்க்கும் வளர்ப்புப் பாம்புத் தீக்காயங்களில் பல இப்படி வருபவை. சூடாகும் செயற்கைப் பாறைகளும் இதே காரணத்தால் வேண்டாம்.

நம்ம பக்கம் இன்னொரு பழக்கம் உண்டு. கோழிக்குஞ்சுக்குப் போடும் சிவப்பு புரூடர் பல்பை எடுத்துப் பாம்புக் கூண்டில் மாட்டுவது. 100, 250 வாட் பல்பு திறந்த கொட்டகைக்கானது. மூடிய பெட்டிக்குள் அது அடுப்பு.

எந்த ஹீட்டராக இருந்தாலும் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும். அதன் உணரியைச் சூடான முனையில், பாம்பு படுக்கும் உயரத்தில், பாம்பு இழுத்துப் போட முடியாதபடி பொருத்துங்கள். ஹாலஜன் பல்புக்கு டிம்மிங் வகை தெர்மோஸ்டாட், செராமிக் எமிட்டருக்கும் பேனலுக்கும் பல்ஸ் வகை. தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் இரண்டு முனையிலும் தனித்தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒன்று. தண்ணீர்த் தொட்டி, ஈரம், ஹீட்டர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அந்த லைனில் ஈஎல்சிபி வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கூண்டுக்குக் கீழே தரையில் போட வேண்டாம்.

செலவு எங்கே இருக்கிறது?

ஒரு எளிய கணக்கு போடலாம். 80 வாட் பேனல், தெர்மோஸ்டாட் அவ்வப்போது அணைத்துவிடுவதால் ஒரு நாளில் மொத்தம் 8 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.64 யூனிட். இரண்டு மாத பில்லில் சுமார் 38 யூனிட்.

ஏப்ரல், மே மாதங்களில் அந்த அறைக்கு ஏசி போடுகிறீர்கள். மணிக்கு ஒரு யூனிட், நாளைக்கு 8 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். சூடேற்றும் செலவைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

ஆக, பட்ஜெட் போடும்போது ஹீட்டர் விலையில் நின்றுவிடக் கூடாது. கரண்ட் கட்டும் அப்படித்தான். ஜனவரி இரவில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் பாம்புக்கு ஒன்றும் ஆகாது. 80 வாட்டை வீட்டு இன்வெர்ட்டரே இழுத்துவிடும். ஏப்ரல் மதியம் கரண்ட் போனால் சாதாரண இன்வெர்ட்டரில் ஏசி ஓடாது. டெக்னோபார்க் வேலைக்குக் காலையிலேயே கிளம்பி ராத்திரி திரும்புகிறவர் என்றால், அந்த மதியம் வீட்டில் யார் இருப்பார்கள் என்று முதலிலேயே யோசியுங்கள்.

ஏசி இல்லாமலும் கொஞ்சம் செய்யலாம். கூண்டு கீழ்த்தளத்தில் இருக்கட்டும். ஓட்டு வீட்டின் உள்ளறை, மேல்மாடிக் கான்கிரீட் அறையைவிடக் குளிர்ச்சி. மேற்குச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். அறை 31 டிகிரியைத் தாண்டினால் ஹீட்டர் முழுசாக ஆஃப். குளிர்ந்த முனைக்கு வெளியே, கூண்டின் மேல், துணி சுற்றிய ஐஸ் பாட்டில் வைக்கலாம். பாம்பு முழுசாக முங்கும் அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும்.

பாம்பு சொல்லும் அறிகுறிகளைக் கவனியுங்கள். எப்போதும் குளிர்ந்த முனையிலேயே அல்லது தண்ணீரிலேயே கிடந்தால், கண்ணாடியில் முட்டிக்கொண்டு அலைந்தால், வாய் பிளந்தால், சூடு அதிகம். இரையைக் கக்கினால், மூக்கிலும் வாயிலும் குமிழி வந்தால், மூச்சில் சத்தம் கேட்டால், சூடு போதவில்லை அல்லது ஈரம் அதிகம். மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

மழைக்காலத்தில் என்ன பிரச்சினை?

பால் பைதானுக்கும் போவாவுக்கும் 55 முதல் 70% ஈரப்பதம் போதும். ஜூன் முதல் நம்ம ஊரில் அது பல நாள் 85%க்கு மேல். வெளிநாட்டு வழிகாட்டி தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லும். இங்கே அதைச் செய்தால் அடிப்பரப்பு ஊறி, வயிற்றுச் செதில்கள் அழுகத் தொடங்கும்.

சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைக் காற்று போகும் துளையில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தரைக்கு, நர்சரியில் விற்கும் தென்னை நார்க்கழிவை நன்றாக உலர்த்திப் போடலாம். மழை மாதங்களில் வெறும் பேப்பரே மேல், நனைந்தால் உடனே மாற்றிவிடலாம். எறும்பு வரும். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பாட்டி வீட்டு அடுக்களை டெக்னிக்தான். பூச்சி ஸ்ப்ரேயும் கொசுவர்த்தியும் அந்த அறையில் வேண்டாம். அவற்றில் உள்ள பைரெத்ராய்டு மருந்து ஊர்வனவற்றை எளிதில் பாதிக்கும்.

பக்கத்து ஊர் அனகோண்டாக்கள் சொல்லும் பாடம்

நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை. இலங்கையின் தெஹிவளை மிருகக்காட்சிசாலையிலிருந்து 2014-இல் 7 பச்சை அனகோண்டாக்கள் இங்கே வந்தன. மழைக்காட்டு ஆறுகளின் பாம்பு அது, நம்ம ஊர் வெப்பமும் ஈரமும் அதற்கு அந்நியமில்லை. ஆனாலும் 2019-இல் சில அனகோண்டாக்கள் அடுத்தடுத்து இறந்தன. காரணமாகச் சொல்லப்பட்டது எண்டமீபா என்ற ஒட்டுண்ணித் தொற்று.

இந்த ஒட்டுண்ணி கழிவு, தண்ணீர், இரை வழியாகப் பரவும். ஆமை போன்ற விலங்குகள் நோயில்லாமலே அதைச் சுமக்கும், பாம்புக்கு வந்தால் குடல் புண்ணாகி உயிர் போகும். மருத்துவர்களும் பராமரிப்பாளர்களும் உள்ள இடத்துக்கே இந்தக் கதி என்றால், வீட்டுக்கு வரும் புதுப் பாம்பைக் குறைந்தது 2, 3 மாதம் தனி அறையில், தனி வாளி, தனி துணியோடு வைப்பது மிகையான ஜாக்கிரதை ஆகாது. மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். பக்கத்தில் ஆமைத் தொட்டி இருந்தால், அதன் தண்ணீர் தொட்ட கை பாம்புக் கூண்டுக்குள் போகக் கூடாது.

பூட்டு ஏன் இவ்வளவு முக்கியம்?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீடுகளிலிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் தப்பியும் கைவிடப்பட்டும் போன பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகிவிட்டன. அங்கே முயல், ரக்கூன் போன்ற பாலூட்டிகள் பெருமளவு குறைந்துபோயின. 2010 ஜனவரியில் வந்த கடுங்குளிர் நிறையப் பாம்புகளைக் கொன்றது. அதற்கும் தப்பியவை மறுபடி பெருகின. 2012-இல் அமெரிக்கா அந்த இனத்தின் இறக்குமதியையே தடை செய்தது.

நெய்யாறு வனவிலங்கு சரணாலயத்தின் அடிவாரத்தில், ஆறும் வாய்க்காலும் ரப்பர் தோட்டமும் சூழ்ந்த ஊரில் இருக்கிறோம். அப்படி ஒரு கடுங்குளிர் இங்கே வரவே வராது. ஹீட்டர் தேவையை எது குறைக்கிறதோ, அதுவே தப்பிய பாம்பைப் பிழைக்கவும் வைக்கும். வெளிநாட்டுப் பாம்பு சுமந்து வரும் நோய் நம்ம மலைப்பாம்புக்குப் போகலாம். அதற்கு முன்பே அதைப் பார்க்கும் முதல் ஆள், விரியன் என்று நினைத்துக் கம்பெடுக்கலாம்.

ஸ்லைடிங் கண்ணாடிக்குச் சாவிப் பூட்டு, அறைக் கதவுக்குக் கீழே இடைவெளி அடைப்பு, ஜன்னலுக்கு வலை. 2.5 மீட்டருக்கு மேல் வளர்ந்த பாம்பைத் தனியாக வெளியே எடுக்கக் கூடாது, கூட ஒரு ஆள் வேண்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

கூண்டை முழுசாகச் செய்து, ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் பொருத்தி, பாம்பு இல்லாமல் இரண்டு வாரம் ஓட விடுங்கள். முடிந்தால் மார்ச் அல்லது ஏப்ரலில். இரண்டு முனையிலும், அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைக்கும் தெர்மாமீட்டர் வையுங்கள். காலை, மதியம், இரவு குறித்து வைத்த எண்களை ஒரு ஷீட்டில் போட்டுப் பாருங்கள்.

குளிர்ந்த முனை இரண்டு வாரமும் 28-ஐத் தாண்டவில்லை, சூடான முனை 34-ஐத் தொடவில்லை என்றால் உங்கள் வீடு தயார். ஒரு மதியம்கூட குளிர்ந்த முனை 32-ஐத் தாண்டியது என்றால், கூண்டை இடம் மாற்றுங்கள், அல்லது ஏசிக்குத் தயாராகுங்கள். இரண்டும் முடியாது என்றால் அந்த வீட்டில் பாம்பு வேண்டாம்.

கடைசியாக ஒரு எண். பால் பைதானும் போவாவும் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 முதல் 30 ஆண்டு வாழும். இன்று உங்களுக்கு 27 வயது என்றால், அதன் கடைசி ஏப்ரலில் உங்களுக்கு ஐம்பது தாண்டியிருக்கலாம். நடுவில் பெங்களூரு, துபாய், கல்யாணம், வாடகை வீடு எல்லாம் வரும். அப்போதெல்லாம் அந்தக் கூண்டு எந்த அறையில் இருக்கும், மதியம் கரண்ட் போனால் யார் பார்ப்பார்கள் என்பதற்கு இன்றே ஒரு பேர் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.